காரின் செயற்கைக்கோள் வானொலியில் இரைச்சல்: எங்கே தேட வேண்டும்

மூன்று வாரங்களாக நான் காரின் கூரையில் ஆன்டெனாவை நகர்த்திக்கொண்டிருந்தேன். பத்து ஆண்டுகள் ஓடிய, செயற்கைக்கோள் வானொலி இல்லாத கார் ஒன்றை வாங்கி, அதன் முன்பலகையில் கையடக்கமான ரிசீவர் ஒன்றை அதன் தொட்டிலோடு, அதாவது அதைத் தாங்கிப் பிடித்து வயர்கள் வந்து சேரும் சட்டத்தோடு, பொருத்தியிருந்தேன். வேலைக்குப் போக ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர அதே அளவு நேரம் என்று சாலையிலேயே பொழுது கழிகிற எனக்கு, ஊருக்கு ஊர் அலைவரிசையை மாற்றாமல் ஒரே சேனலைக் கேட்டுக்கொண்டு போவது பெரிய ஆறுதல். ஆனால் பொருத்திய முதல் நாளிலிருந்தே பாட்டுக்கு அடியில் ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது அது தெரியாது. இரண்டு பாடல்களுக்கு நடுவிலும், ஒருவர் நிதானமாகப் பேசும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலும் அது தலைகாட்டும். வானத்திலிருந்து வரும் சிக்னல் பலவீனமாக இருக்கிறது என்று நானாகவே முடிவு செய்து, காந்த அடி கொண்ட அந்தச் சிறிய ஆன்டெனாவைக் கூரையின் முன்விளிம்பிலிருந்து நடுப்பகுதிக்கும், நடுவிலிருந்து பின்பக்கத்துக்கும் மாற்றி மாற்றி வைத்தேன். ரிசீவரின் திரையில் சிக்னல் கோடுகள் முழுவதும் நிறைந்தே இருந்தன. இரைச்சலும் அப்படியே இருந்தது. அந்த முரண்பாடு கண்ணெதிரே இருந்தும் அதன் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை. இதே தவறான இடத்தில் இன்னும் பலர் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பதால், நான் கண்டறிந்ததை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் காரில் செயற்கைக்கோள் வானொலி என்றால் இன்று அது சிரியஸ்எக்ஸ்எம் தான். 2001ஆம் ஆண்டில் ஒலிபரப்பைத் தொடங்கிய எக்ஸ்எம்மும், 2002இல் தொடங்கிய சிரியஸும் 2008இல் ஒன்றாக இணைந்தன. 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைப்பட்டையில் செயற்கைக்கோள்கள் அனுப்புவதை நம் கூரை ஆன்டெனா வாங்குகிறது. உயரமான கட்டடங்கள் வானத்தை மறைக்கும் நகரப் பகுதிகளில் அதே நிகழ்ச்சிகளைத் தரையிலுள்ள துணை ஒலிபரப்பு நிலையங்களும் அனுப்புகின்றன. இதில் நமக்கு முக்கியமானது ஒன்றுதான்: ஒலி இங்கே எண்களாக வருகிறது. பழைய வானொலியில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும், நிலையம் மெல்ல மெல்ல அதில் மூழ்கிப்போகும். நம் காதுகள் அதற்கே பழகியிருப்பதால், இரைச்சல் கேட்டவுடன் மனம் ஆன்டெனாவைத்தான் நினைக்கிறது. எண்களாக வரும் ஒலியோ அப்படித் தேய்ந்து போவதில்லை. போதுமான எண்கள் வந்து சேர்ந்தால் பிழைகளைத் திருத்திக்கொண்டு ரிசீவர் தெளிவாக ஒலிக்கிறது. வந்து சேராவிட்டால் ஒலியை அடியோடு நிறுத்திவிட்டு, சிக்னல் இல்லை என்று திரையில் காட்டுகிறது. பாலத்துக்கு அடியில் போகும் ஒரு கணத்தில் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரே ஒலியைச் சில நொடி இடைவெளியில் இரண்டு முறை அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது. ஆகவே செயற்கைக்கோளுக்கும் ரிசீவருக்கும் இடையில் கோளாறு இருந்தால் ஒலி விட்டு விட்டு வரும், அல்லது வராமலே போகும். ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலோ, ‘ங்ஙீ’ என்ற ரீங்காரமோ அந்த வழியாக உள்ளே வரவே முடியாது. விண்வெளியைக் கடந்து வரும் பயணத்தில் குறை ஏதும் இல்லை. ரிசீவரிலிருந்து கார் ஸ்டீரியோவுக்குப் போகும் கடைசி இரண்டு மூன்று மீட்டரில்தான் எல்லாம் கெடுகிறது.

இது புரிந்த அன்றே மிகவும் பயனுள்ள ஒரு சோதனை எனக்குக் கிடைத்தது. ரிசீவரை இயக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஆன்டெனா வயரின் முனையைத் தொட்டிலிலிருந்து நேராக இழுத்துக் கழற்ற வேண்டும். தேக்கி வைத்திருக்கும் ஒலி தீர்கிற வரை சில நொடிகள் நிகழ்ச்சி தொடரும். பிறகு ரிசீவர் தானாக வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனம் கலப்படமே இல்லாத மௌனம். அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் கேட்கிற ஒவ்வொன்றும் வழியில் சேர்ந்த அழுக்கு. பாட்டின் சத்தத்தில் ஒளிந்திருந்த இரைச்சலைத் தனியாகப் பிரித்து, என்ஜின் நிற்கும்போது எப்படி, ஓடும்போது எப்படி, ஹெட்லைட்டைப் போட்டால் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க இதைவிட எளிய வழியை நான் அறியேன். எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு கையால் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

அப்படிக் கேட்டபோது, ஒரே இரைச்சல் என்று நான் நினைத்தது உண்மையில் ஒன்றல்ல என்பது தெரிந்தது. மாறாமல் ஓடும் ‘ஸ்ஸ்’ ஒன்று. வண்டி ஓடும் இடத்தைப் பொறுத்து அது கூடியும் குறைந்தும் வந்தது. அதை நீக்கிய பிறகு வேறொன்று வெளியே வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நான் ரிசீவரைக் கார் ஸ்டீரியோவுடன் இணைத்திருந்தது எஃப்.எம். வழியாக. ரிசீவருக்குள் ஒரு சிறிய எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் இருக்கும்; அதில் 88.1 என்று வைத்து, கார் ரேடியோவிலும் 88.1 வைத்தால் ஒலி கேட்கும். வயர் எதையும் இழுக்க வேண்டியதில்லை என்பதால் பெரும்பாலோர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஆனால் உரிமம் இல்லாத இத்தகைய டிரான்ஸ்மிட்டருக்கு அமெரிக்க ஃபெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன் வைத்திருக்கும் வரம்பு, 3 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட் மட்டுமே. முறைப்படி உரிமம் பெற்ற எஃப்.எம். நிலையங்களில் பெரியவை 100 கிலோவாட் வரை அனுப்புகின்றன. அந்த இரண்டும் ஒரே காற்றில் மோதுகின்றன. அதோடு, என் காரின் ரேடியோ ஆன்டெனா பின்கண்ணாடியில் மெல்லிய கோடுகளாக ஒட்டப்பட்டிருக்கிறது. முன்பலகையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் சிணுங்கல் இருக்கைகளையும் ஆட்களையும் கடந்து அங்கே போய்ச் சேர வேண்டும். எஃப்.எம். ரேடியோவின் இயல்பு என்னவென்றால், ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல்கள் வந்தால் வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். நம்முடையது தெளிவாக வலுத்திருந்தால் எந்தக் குறையும் இருக்காது. வலு ஏறத்தாழச் சமமாக வரும் இடத்தில்தான் இரைச்சலும், வேறொருவர் பேச்சும், பாட்டும் ஒன்றாகக் குழம்புகின்றன. மேலும், எஃப்.எம். ஒலி ஸ்டீரியோவாக, அதாவது இடம் வலம் என்று இரண்டு தடங்களாக வரும்போது, அதே வலுவுள்ள சிக்னலுக்கு ஒற்றைத் தடமான மோனோவைவிட ஏறத்தாழ 20 டெசிபெல் கூடுதலாக இரைச்சல் கேட்கும். இவ்வளவு பலவீனமான சிக்னலுக்கு அது பெரிய சுமை.

88.1 பொதுவாகக் காலியாக இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். அமெரிக்காவில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி கல்வி சார்ந்த, வணிக நோக்கமற்ற நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் கல்லூரி நிலையங்களும் சமய நிலையங்களும் நிறையவே இருக்கின்றன. ஓர் ஊரில் காலியாக இருப்பது முப்பது மைல் தள்ளி அடுத்த ஊரில் காலியாக இருக்காது. நான் தினமும் போகும் நெடுஞ்சாலையில் ஒரு குறிப்பிட்ட மேட்டைத் தாண்டியவுடன் இரைச்சல் கூடியதற்குக் காரணம் இதுதான்: மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நிலையத்தின் எல்லை தொடங்கியது.

அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. எச்.டி. ரேடியோ என்ற பெயரில் டிஜிட்டல் ஒலியையும் சேர்த்து அனுப்பும் எஃப்.எம். நிலையங்கள், தங்கள் நடு அலைவரிசையின் இரு பக்கங்களிலும் ஏறத்தாழ 130 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அந்த டிஜிட்டல் பட்டைகளை வைக்கின்றன. அடுத்த அலைவரிசை 200 கிலோஹெர்ட்ஸ் தள்ளித்தான் இருக்கிறது என்பதால், அந்தப் பட்டை பக்கத்து அலைவரிசைக்குள் நுழைந்துவிடுகிறது. சாதாரண ரேடியோவில் அது பேச்சாகவோ பாட்டாகவோ கேட்காது. சீரான ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலாகத்தான் கேட்கும். கேட்பவர் அந்த அலைவரிசை காலியாக இருப்பதாக நினைத்து டிரான்ஸ்மிட்டரை அங்கே வைத்துவிடுவார். ஆகவே ஒரு அலைவரிசை காலி என்று முடிவு செய்யுமுன், அதற்கு மேலும் கீழும் அடுத்தடுத்து இருப்பவற்றில் வலுவான நிலையம் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும், எடுத்துக்காட்டாக 93.5ஐப் பயன்படுத்த நினைத்தால் 93.3, 93.7 இரண்டும் அமைதியாக இருக்க வேண்டும்.

என் காரில் இதற்கு மேல் மற்றொரு குற்றவாளியும் இருந்தது. ஒரு மாலை, கார் நின்றிருக்கும்போது, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த டேஷ்கேமின் (சாலையைப் படம்பிடிக்கும் சிறு கேமராவின்) சார்ஜரை வேறு காரணத்துக்காகப் பிடுங்கினேன். பிடுங்கிய அந்தக் கணத்தில் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. திரும்பச் செருகினேன், ஏறியது. மறுபடி பிடுங்கினேன், இறங்கியது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் மலிவான சார்ஜர்கள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை, சில லட்சங்கள் முறை கூட, வெட்டி வெட்டி மாற்றுகின்றன. சரியான வடிகட்டியும் உறையும் இல்லாதபோது அந்த வெட்டுகளின் துணை அலைகள் எஃப்.எம். பட்டை வரை எட்டிப் பரவுகின்றன. டேஷ்கேமின் நீண்ட வயர் முன்கண்ணாடியைச் சுற்றி ஓடி, அதை ஒலிபரப்பும் ஆன்டெனாவாகவே ஆகிவிடுகிறது. வேறு சார்ஜர் வாங்கிப் போட்டேன், வயரின் இரு முனைகளிலும் இத்தகைய இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்களைக் கவ்விவிட்டேன். நல்ல மாற்றம் தெரிந்தது. உங்கள் காரிலும் சாதாரண எஃப்.எம். நிலையங்களே முன்புபோல் தெளிவாக வரவில்லை என்றால், பின்னாளில் செருகிய சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, டேஷ்கேம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்.

எஃப்.எம். வழியையே தொடர விரும்புகிறவர்கள், ரிசீவரின் மெனுவில் இருக்கும் ஒலி அளவைக் கவனிக்க வேண்டும். அது தாழ்ந்திருந்தால், ஈடு செய்யக் கார் ஸ்டீரியோவின் ஒலியைக் கூட்டுகிறோம். கூடவே இரைச்சலும் கூடுகிறது. உள்ளூர் எஃப்.எம். நிலையம் ஒன்றையும் ரிசீவரையும் மாற்றி மாற்றிக் கேட்டு, இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்கும் வரை ரிசீவரின் அளவை உயர்த்துங்கள். ஒலி பிளந்து கரகரக்கத் தொடங்கினால் ஒரு படி குறையுங்கள். இதே விதி ஆக்ஸ் இணைப்புக்கும், அதாவது ரிசீவரின் ஒலியைக் கேபிள் வழியாக ஸ்டீரியோவின் துளைக்குள் நேராகச் செலுத்தும் இணைப்புக்கும், அப்படியே பொருந்தும். காற்றில் அனுப்பாமல், கார் ஆன்டெனா வயருக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவே வயர் மூலமாகவே எஃப்.எம். சிக்னலைப் புகுத்தும் அடாப்டர்களும் உண்டு. ஆக்ஸ் துளை இல்லாத பழைய ஸ்டீரியோவுக்கு அவை மிகச் சிறந்த தீர்வு. என் ஸ்டீரியோவில் ஆக்ஸ் துளை இருந்தது, ஆகவே நான் அந்த வழிக்கு மாறினேன்.

3.5 மில்லிமீட்டர் கேபிளைச் செருகியதும் ‘ஸ்ஸ்’ முற்றிலும் மறைந்தது. கார் நின்றிருந்தபோது ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்தேன். துளிச் சத்தமும் இல்லை. எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்து, அன்று மாலை மனைவியை அழைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். என்ஜின் ஓடத் தொடங்கியதும் பாட்டுக்குப் பின்னால் ஏதோ முனகியது. சாலையின் சத்தமாக இருக்கும் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன். இரண்டு சிக்னல்களைத் தாண்டியதும் அவள் சொன்னாள்: “நீங்க ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் அதுவும் கூடவே ஏறுது, கவனிச்சீங்களா?” அடுத்த சிக்னலில் நின்று, கியரை நியூட்ரலில் வைத்து மெதுவாக மிதித்துப் பார்த்தேன். ‘ங்ங்ஙீஈ’ என்று அது மேலே ஏறியது. காலை எடுத்ததும் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

என்ஜினின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஓசை, என்ஜினால் சுழன்று காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. அந்தச் சீழ்க்கையின் சுருதியைக் கணக்கிடவும் முடியும். என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கும்போது, கப்பிகளின் விகிதம் 2.5 என்று கொண்டால் ஆல்டர்னேட்டர் 2000 சுற்று சுற்றும். கார்களில் பரவலாக உள்ள 12 துருவ ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 6 மின் அலைகள் உண்டாகும், அதாவது நொடிக்கு 200. மூன்று கட்ட மின்சாரத்தை டயோடுகள் நேராக்கும்போது ஒவ்வோர் அலைக்கும் 6 மேடுகள் மிஞ்சுகின்றன. ஆக 1200 ஹெர்ட்ஸ். நெடுஞ்சாலையில் என்ஜின் 2400 சுற்றுக்குப் போகும்போது அதுவே 3600 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி அங்கேதான் இருக்கிறது. நகரத்துக்குள் முனகலாக இருந்தது நெடுஞ்சாலையில் காதைக் குத்தியதன் காரணம் இதுதான்.

ஆனால் ஆல்டர்னேட்டரில் குறை இருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நல்ல ஆல்டர்னேட்டரிலும் அந்த மேடுகளால் உண்டாகும் சிற்றலை சிறிது இருக்கத்தான் செய்யும். என்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட அளவில் வைத்து, நல்ல பேட்டரியின் இரு முனைகளிலும் தொட்டால் சில பத்து மில்லிவோல்ட் காட்டும். அரை வோல்ட்டை நெருங்கினால் டயோடு ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம், அப்போது மெக்கானிக்கிடம் போவதே முறை. என் காரில் 35 மில்லிவோல்ட்தான் காட்டியது. அப்படியானால், இருக்க வேண்டிய அளவில் இருக்கும் அந்தச் சிற்றலை எப்படி ஒலிக்குள் நுழைகிறது என்பதே கேள்வி.

விடை எர்த்தில் இருக்கிறது. அமெரிக்காவில் கிரவுண்ட் என்பார்கள். காரில் மின்சாரம் திரும்பிப் போகும் பாதை வண்டியின் இரும்பு உடல்தான். என் ரிசீவருக்கு மின்சாரம் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து வந்தது; அதன் எர்த் நடுக் கன்சோலின் அடியில் ஒரு போல்ட்டில் இருக்கிறது. ஸ்டீரியோவின் எர்த் முன்பலகைக்குப் பின்னால் வேறொரு போல்ட்டில் இருக்கிறது. இரண்டும் இரும்பு உடல்தான் என்றாலும், அந்த உடலில் ஆல்டர்னேட்டர், விளக்குகள், காற்றாடி ஆகியவற்றின் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருப்பதால், இரு போல்ட்களுக்கும் நடுவே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு எப்போதும் இருக்கிறது. ஆக்ஸ் கேபிள் இல்லாத வரை அதனால் தீங்கில்லை. கேபிளைச் செருகியதும், அதன் வெளி உறை இரண்டு எர்த்களையும் இணைத்து ஒரு வளையத்தை முழுமையாக்குகிறது. அந்த வேறுபாடு உறை வழியாக ஓடி, பாட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சிகரெட் லைட்டரில் செருகும் 5 வோல்ட் அடாப்டர் இதைத் தடுக்காது, ஏனெனில் பெரும்பாலான அடாப்டர்களில் நெகட்டிவ் வயர் உள்ளே நேராகவே கடந்து போகிறது.

இதை உறுதி செய்ய ஒரு நேர்த்தியான சோதனை உண்டு. ரிசீவரை லைட்டர் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பேங்க் ஒன்றிலிருந்து இயக்க வேண்டும். உங்கள் ரிசீவர் 5 வோல்ட்டில் இயங்குவதுதானா என்பதையும், முனையின் பாசிட்டிவ் நெகட்டிவ் எந்தப் பக்கம் என்பதையும் அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து உறுதி செய்த பிறகே இதைச் செய்யுங்கள். பழைய மாதிரிகளில் 12 வோல்ட் வேண்டியவையும் உண்டு. நான் பவர் பேங்கை இணைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஆன்டெனாவைக் கழற்றி, ஒலியை முக்கால் பங்குக்கு உயர்த்தி, மிதித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. லைட்டர் சாக்கெட்டுக்கு மாற்றினேன், சீழ்க்கை திரும்ப வந்தது. குற்றம் எர்த் வளையத்தில்தான் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. பவர் பேங்கில் இயங்கும்போதும் சீழ்க்கை கேட்டிருந்தால், அது ஸ்டீரியோவின் சொந்த மின் இணைப்பிலோ ஆம்ப்ளிஃபையரிலோ இருந்திருக்கும். ரிசீவரைத் தொட்டுப் பயனே இருந்திருக்காது. தொழிற்சாலையிலேயே செயற்கைக்கோள் வானொலி பொருத்தி வந்த கார்களில் இரைச்சல் கேட்டாலும் இதே எண்ணத்தோடுதான் அணுக வேண்டும்: எஃப்.எம்., புளூடூத், செயற்கைக்கோள் மூன்றிலும் ஒரே ஓசை கேட்டால் அது அந்த மூன்றும் சேரும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது.

எளிதாகக் கிடைக்கும் மருந்து, ஆக்ஸ் கேபிளின் நடுவே செருகும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். ஒரு தீப்பெட்டி அளவு பெட்டிக்குள் இரண்டு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். ஒலி காந்தப் புலத்தின் வழியாகக் கடந்து போகும், எர்த் மட்டும் துண்டிக்கப்படும். வாங்கிச் செருகிய அரை நிமிடத்தில் சீழ்க்கை போய்விட்டது. ஆனால் கூடவே மத்தளத்தின் அடிநாதமும் மெலிந்தது. மலிவான ஐசோலேட்டர்களில் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகம் சிறியது. தாழ்ந்த அதிர்வெண்களை அதனால் முழுமையாகக் கடத்த முடிவதில்லை. பேச்சு மட்டும் கேட்பவர்களுக்கு இது குறையாகத் தோன்றாது. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆகவே மூல காரணத்தையே சரி செய்ய முடிவெடுத்தேன். பவர் வயரில் செருகும் சத்த வடிகட்டி என்று இன்னொன்று விற்கிறார்கள். அது பாசிட்டிவ் வயர் வழியாக வரும் சிற்றலையைக் குறைக்குமே தவிர, எர்த் வளையத்துக்கு மருந்தாகாது.

ஹெட்லைட், காற்றாடி, பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, என்ஜின் ஓடும்போது, லைட்டர் சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் ஸ்டீரியோவின் உலோக உடலுக்கும் இடையில் மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட அளவில் வைத்துப் பார்த்தேன். 0.18 வோல்ட். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய இடம் அது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கன்சோலின் பக்கப் பலகையை எடுத்தேன். தரைவிரிப்பின் மடிப்புக்கு அடியில் இருந்தது அந்த போல்ட். முன்பு எப்போதோ அங்கே தண்ணீர் தேங்கியிருக்க வேண்டும். போல்ட்டின் தலையைச் சுற்றிச் செம்பழுப்பில் ஒரு துரு வளையம் படர்ந்திருந்தது. ஸ்பானரை வைத்ததும் கிரீச்சென்று ஒரு சத்தம், பிறகு பொடிப்பொடியாகத் துரு உதிர்ந்தது. வயரின் வளையமுனையும் கறுத்துப் போயிருந்தது. முனையையும், போல்ட் உட்காரும் இடத்துப் பெயிண்டையும் உப்புத்தாளால் வெள்ளி நிறம் தெரியும் வரை தேய்த்து, பற்கள் உள்ள வாஷர் ஒன்றை இடையில் வைத்து இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் பூசினேன். அதன் பிறகு அதே இடத்தில் மீட்டர் 0.02 வோல்ட் காட்டியது. சீழ்க்கை பெரும்பகுதி அடங்கியது; உற்றுக் கேட்டால் மட்டும் மிக மெல்லியதாக இருந்தது.

மிச்சத்தையும் போக்க, ரிசீவரின் அடாப்டரை லைட்டர் சாக்கெட்டிலிருந்து முற்றிலும் பிரித்தேன். சாவியைத் திருப்பும்போது மட்டும் உயிர்பெறும் ஒரு ஃப்யூஸிலிருந்து 2 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த கிளை இணைப்பு எடுத்து, எர்த் வயரை ஸ்டீரியோ எர்த் உட்கார்ந்திருக்கும் அதே போல்ட்டில் கட்டினேன். இரண்டு கருவிகளுக்கும் எர்த் ஒரே புள்ளியில் வந்துவிட்டால், அவற்றுக்கிடையே வேறுபாடு தோன்ற இடமே இல்லை. முன்பலகைக்குப் பின்னால் கைவிடும் எவரும் மஞ்சள் நிற கனெக்டர்களைத் தொடக் கூடாது. அவை ஏர்பேக்குக்கு உரியவை. ஆன்டெனா வயரை முன்கண்ணாடி ஓரத் தூணின் மூடிக்குள் ஒளித்து இழுப்பது பார்வைக்கு அழகாக இருக்கும் என்றாலும், பல கார்களில் அந்த மூடிக்குப் பின்னால் பக்க ஏர்பேக் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அது விரியும் பாதையில் வயர் குறுக்கே கிடப்பது ஆபத்து. நான் வயரைப் பின்கதவின் ரப்பர் ஓரமாக இறக்கி, கதவோரக் கீழ்ப்பட்டைக்கு அடியில் முன்னால் கொண்டுவந்தேன். சில அடி கூடுதல் நீளம் தேவைப்பட்டது, நெஞ்சில் கவலை இல்லை.

சில நாட்கள் கழித்துக் குண்டும் குழியுமான சாலையில் மட்டும் ‘டப், கர்ர்’ என்று ஒன்று கேட்டது. இதற்கு ஆழ்ந்த விளக்கம் எதுவும் இல்லை. ஆக்ஸ் முனையை விரலால் மெதுவாகத் திருப்பியபோது கரகரத்தது, கேபிள் தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்று மாற்றியதும் நின்றது. தொட்டிலின் அடியில் இருக்கும் பித்தளை முனைகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டேன்.

இரைச்சல் என்று சிலர் குறிப்பிடும் இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சில சேனல்களில், முக்கியமாகப் பேச்சு நிகழ்ச்சிகளில், ‘ஸ’கரம் வரும்போதெல்லாம் நீரின் அடியிலிருந்து கேட்பதுபோல ஒலி குழைந்து நெளியும். ஏராளமான சேனல்களைக் குறுகிய அலைப்பட்டைக்குள் அடைக்க வேண்டியிருப்பதால் ஒலியைக் கடுமையாகச் சுருக்கி அனுப்புகிறார்கள். அதன் விளைவு இது. ஆன்டெனாவைக் கழற்றினால் அது நிகழ்ச்சியோடு சேர்ந்து மறைந்துவிடும். அப்படி மறைந்தால், உங்கள் காரில் தேடுவதற்கு எதுவும் இல்லை. வயர் எதையும் கழற்றிப் பணத்தையும் நேரத்தையும் செலவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்த மறுநாள் காலை, அலுவலகத்தின் அடுக்கு வாகன நிறுத்தத்தில் மூன்றாவது நிலத்தடித் தளத்துக்கு இறங்கினேன். இரண்டாவது வளைவிலேயே பாட்டு நின்றது, சிக்னல் இல்லை என்று திரை காட்டியது. வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டபடியே ஒலியைக் கடைசிவரை திருகினேன். டேஷ்கேம் ஓடிக்கொண்டிருந்தது, ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது, காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. மெல்ல ஆக்ஸிலரேட்டரை அழுத்தி 3000 சுற்று வரை கொண்டுபோனேன். வெளியே என்ஜின் உறுமுவது கேட்டது. நான்கு ஒலிபெருக்கிகளிலும் காதை வைத்துக் கேட்டேன், ஒன்றிலிருந்தும் எந்த ஓசையும் வரவில்லை.